குண்டானுக்கு ஒரு கம்பளி

செல்லி முதலில் மாவுக் குண்டானுக்குத்தான் போர்த்துவாள். மிச்சம் இருந்தால் புருஷனுக்கு. வாயைத் துணியால் கட்டி, சுற்றிலும் சாக்கைச் சுருட்டி, மேலே வீட்டிலிருக்கிற ஒரே கம்பளியைப் போட்டு, கைக்குழந்தையைத் தட்டுவதுபோல் தட்டிக்கொடுப்பாள். பிறகு தானும் கம்பளிக்குள் புகுந்து அதைக் கட்டிக்கொண்டு படுப்பாள்.

"குண்டானயே கட்டிக்கினு கெடக்குறா, சித்தப்பா. நான் எதுக்கு இந்த வூட்ல?" என்பான் மோகன்.

"மாவு கொறட்டை வுடாது," என்பாள் செல்லி, கம்பளிக்குள்ளிருந்து.

மோகனின் அப்பன் எனக்குப் பெரியப்பன் மகன். அந்த வகையில் செல்லி எனக்கு மருமகள் முறை. பக்கத்து வீடு, நடுவில் ஒரே சுவர். ஜமுனாமரத்தூர் பஸ் நிற்கிற முனையில் காலையில் சாமை இட்லி சுட்டு விற்கிறாள். இட்லி வேகும்வரை யாரோடாவது பேச வேண்டும் அவளுக்கு. ஆள் இல்லாவிட்டால் அடுப்போடு பேசுவாள்.

எங்கள் சின்ன அத்தை செத்த வருஷம் மலையில் இப்படி ஒரு குளிர் வந்தது. அதற்குப் பிறகு இந்த மார்கழியில்தான். தேங்காய் எண்ணெய் சீசாவுக்குள் கல்லாய் நின்றது. வெயில் ஏறும்வரை கோழிகள் கூடையை விட்டு இறங்கவில்லை. மாவு பொங்கவே இல்லை. வைக்கோலில் புதைத்துப் பார்த்தாள். அடுப்போரம் வைத்துப் பார்த்தாள். ஒரு பக்கம் வெந்து ஒட்டிக்கொண்டது, மறுபக்கம் அப்படியே கிடந்தது. கடைசியில்தான் இந்தக் கம்பளி வைத்தியம்.

ஊரே சாப்பிடுகிற அந்த இட்லியை ஒருத்தி மட்டும் தொட மாட்டாள். மோகனின் அக்காள் ராஜேஸ்வரி, கணியம்பாடியில் வாழ்க்கைப்பட்டவள். செல்லி கல்யாணமாகி வந்த புதிதில் சுட்டதைக் கையில் வைத்துத் தட்டிப் பார்த்து, "இத்தால அடிச்சா மாங்கா வுழும்" என்றாள். அதிலிருந்து தம்பி வீட்டுக்கு எப்போது வந்தாலும் தூக்கில் தன் இட்லியோடுதான் வருவாள். செல்லிக்கு எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிடுவாள்.

போன வாரம் வருவதாகச் சொன்னபோது, செல்லி மோகனிடமிருந்து போனைப் பிடுங்கினாள். "அண்ணி, தூக்கு எடுத்தாராதீங்க. இந்தத் தடவ என் இட்லிய சாப்டுங்க. நல்லா இல்லன்னா இனிமே நான் வாயே தொறக்கல."

"நீ? பாக்கலாம்டி."

ராஜேஸ்வரி வெறும் கையோடு வந்தாள், மெல்லிய சால்வை ஒன்றைப் போர்த்திக்கொண்டு. பொழுது சாய்ந்ததும் அவளுக்குப் பல் தந்தியடித்தது. இருப்பதோ ஒரு கம்பளி. அதை நாத்தனாருக்குக் கொடுத்தால் மாவு படுத்துவிடும். மாவுக்குப் போட்டால் கணியம்பாடி முழுக்கச் சொல்லிக் காட்டுவாள். செல்லி மோகனை என் வீட்டுக்குப் படுக்க அனுப்பிவிட்டு, பாயை விரித்து நடுவில் குண்டானை வைத்தாள்.

"இன்னாடி இது?"

"நீங்க அந்தாண்ட கட்டிக்குங்க, நான் இந்தாண்ட. மூணு பேருக்கும் கம்பளி பத்தும்."

"உம் மாவுக்குத் தாலாட்டு பாடவா நான் மலையேறி வந்தேன்?"

"பாடுனா இன்னும் நல்லா எழும்பும், அண்ணி."

கதவிடுக்கில் காற்று நுழைந்தது. பேச்சு நின்றது, ராஜேஸ்வரி கம்பளிக்குள் புகுந்துவிட்டாள் போலிருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்துச் சுவருக்கு அந்தப் பக்கம் சண்டை கேட்டது. அப்புறம் சிரிப்பு கேட்டது.

விடிந்ததும் கூச்சல். நானும் மோகனும் ஓடினோம். இரண்டு பெண்களின் சூட்டில் மாவு, கட்டின துணியைத் தள்ளிக்கொண்டு வழிந்து, ராஜேஸ்வரியின் புதுச்சேலையெல்லாம் நுரையாய் நின்றது. மோகன் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டான்.

ராஜேஸ்வரி சேலையைப் பார்த்தாள். குண்டானைப் பார்த்தாள். முந்தானையிலிருந்து ஒரு விரலால் மாவை வழித்து நாக்கில் வைத்தாள்.

"உப்பு கம்மி."

செல்லி உப்புச் சாடியை எடுத்து நாத்தனார் கையில் கொடுத்துவிட்டு, குண்டானை விட்டு ஒதுங்கி உட்கார்ந்தாள்.