சித்தி அழுத படம்

“…அழுவறப்ப போட்டோப் புடிக்கக் கை வந்துச்சே கண்ணு, கண்ணைத் தொடைக்க வல்லியே” என்றாள் சித்தி. சத்தம்கூடப் போடவில்லை. மகள் சத்தியமங்கலத்திலிருந்து பஸ் ஏறி வந்து அவள் காலடியில் உட்கார்ந்திருந்தாள். நான் காபி டம்ளரைப் பிடித்துக்கொண்டு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் இருந்தேன்.

சித்தப்பாவின் முதல் வருசத் திதியில் ஆரம்பித்தது இது. சிங்காநல்லூர் வீட்டில் சித்தி வடை சுட்டுக்கொண்டிருந்தாள். அந்த மனுசனுக்குப் படையல் வரைக்கும் பொறுக்காது. சட்டியிலிருந்து எடுத்ததும் ஒன்றை ஊதி ஊதித் தின்றுபோட்டுத் திட்டு வாங்குவார். அன்றைக்கு முதல் வடையை எடுத்ததும் சித்தி கரண்டியோடு நின்று அழுதுவிட்டாள். மகள் சமையல்கட்டு வாசலில் நின்று அதைச் செல்லில் பிடித்து, ‘அம்மா அழுவுற வீடு வெளங்குமா?’ என்று எழுதி, ஒரு சோகப் பாட்டையும் சேர்த்து ஸ்டேட்டஸில் வைத்துவிட்டாள்.

“சாமியைத்தானுங்க்கா கேட்டேன்” என்று பிறகு என்னிடம் சொன்னாள். பொய்யில்லை. மனசு தாங்கவில்லை, வைத்துவிட்டாள். ஆனால் சாமிக்கு ஸ்டேட்டஸ் பார்க்கிற பழக்கம் இல்லை. பார்த்ததெல்லாம் சொந்தக்காரர்கள்.

அந்த வீட்டில் சித்தியோடு இருப்பது மகளின் தம்பி ஒருத்தன்தான். அவனுக்கு அப்போதுதான் பெண் நிச்சயம் ஆகியிருந்தது. அம்மா அழுகிற வீடு என்றால் அழ வைத்தது யார்? ஊருக்கு யோசிக்க எவ்வளவு நேரம் ஆகும்? கடைவீதியில் ஒரு அம்மா என்னையே நிறுத்தி, “ஏனுங்க அம்மணி, உங்க சித்திக்குப் பையன் சோறு போடறதில்லையாமா? படத்துல எளைச்சுப் போயிருந்தாங்க” என்றாள்.

“அவங்க வடை சுட்டுட்டு இருந்தாங்க.”

“பாவம், வேலையும் வாங்கறானா!”

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா என்று சும்மாவா சொன்னார்கள்.

மகள் ஸ்டேட்டஸிலிருந்து படத்தை நீக்கிவிட்டாள். அதற்குள் யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பெண் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். பெண்ணின் மாமன்மார் விசாரிக்க வந்து உட்கார்ந்தார்கள். சித்தி அவர்கள் முன்னால் நின்று, “எம் பையன் என்னைய ஒரு சொல்லு சொன்னதில்லீங்க” என்று கையெடுத்துக் கும்பிட்டாள். கல்யாணம் நிற்கவில்லை. தனக்காக அம்மா கும்பிட்டதைப் பார்த்துக்கொண்டு நின்றவன்தான் மாறிப்போனான்.

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் முடியாமல் தாலி இல்லை. கூறைச்சேலையின் ஒரு முனை மாப்பிள்ளை கையில், மறுமுனை கூடப்பிறந்தவள் கையில். அக்கா கையில் அதைக் கொடுக்கவே மாட்டேன் என்றுவிட்டான் தம்பி. பெரியப்பா மகள் என்று என்னை வந்து நிற்கச் சொன்னான். மாட்டேன் என்று சொல்லத்தான் நான் அன்றைக்குச் சித்தி வீட்டுக்குக் காபி குடிக்கிற சாக்கில் போனதே.

“ஒத்தைத் தம்பிம்மா. இன்னொருக்கா வருமா இது? நீ ஒரு சொல்லு சொன்னாக் கேப்பான்” என்று மகள் சித்தியின் காலைப் பிடித்தாள். அதற்குத்தான் சித்தி அந்தப் போட்டோப் பேச்சைச் சொன்னது. கொஞ்சம் பொறுத்து, “மண்டபத்துல அத்தன சனமும் உன்னையவும் என்னையவும் அவனையவும் மாத்தி மாத்திப் பாக்கும். தாலி கட்டற கை நடுங்கும். வேண்டாங் கண்ணு” என்றாள்.

மகள் வாய்விட்டு அழுதாள். சித்தி எழுந்துபோய்த் தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்து, முந்தானையால் அவள் கண்ணைத் துடைத்தாள். பிறகு பீரோவைத் திறந்து, சீருக்கென்று மகள் அளவுக்குத் தைத்து வைத்திருந்த ஜாக்கெட்டை எடுத்து என் முதுகில் வைத்துப் பார்த்தாள். பத்தவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் போய் உட்கார்ந்து, பக்கத் தையலைப் பிரிக்க ஆரம்பித்தாள்.