சொக்கலிங்கம் அண்ணன் அறைக்குள் எழுதிய பெயர்கள்

இப்படித்தான் முடியும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். அண்ணனுக்கு முன்னால் அவருடைய பழைய கம்ப்யூட்டர் போகும், அதோடு இத்தனை வருட உழைப்பும் போகும் என்று முகத்துக்கு நேரே சொன்னவன் நான் ஒருவன்தான். போன மாதம் திருப்பத்தூர் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது அவர் மகள் மீனாள் போனில் கூப்பிட்டாள். நம் கொத்தனார் சங்கத்து இதழுக்காக நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவளும் அவள்தான்.

"மாமா, அப்பா சாப்பிட்டுட்டு நாற்காலியிலயே சாஞ்சுட்டாக. வாரீகளா?"

கத்தரிக்காயைத் தட்டிலேயே விட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

காரைக்குடியில் வீடு கட்டியவர்களுக்கும் பிரித்தவர்களுக்கும் டிராப்ட்ஸ்மேன் சொக்கலிங்கத்தைத் தெரியாமல் இருக்காது. நம் சங்கத்துக் கொத்தனார்களுக்குச் சொல்லவே வேண்டாம். நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் ஒட்டாதவன். இருந்தாலும் கானாடுகாத்தான் பக்கம் அவர் அளந்த ஒவ்வொரு பெரிய வீட்டிலும் டேப்பின் மறுமுனை என் கையில்தான் இருந்தது. நான் பிடித்தால் அரை நூல் தொய்யாது. வெளிநாட்டு என்ஜினீயர் ஒருவர் அசந்துபோய் என் கையை மட்டும் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்.

அந்த வீடுகளில் கல்யாணமான ஒவ்வொரு தம்பதியும் ஒரு புள்ளி. புள்ளிக்கு ஓர் அறை, சாவி அவர்கள் கையில். ஆட்கள் வெளியூரில் இருப்பார்கள், அறை பூட்டியே கிடக்கும். மற்றவர்கள் சுவரை வரைந்துவிட்டுப் போய்விடுவார்கள். அண்ணன் மட்டும் ஒவ்வோர் அறையும் யார் புள்ளியுடையது, அவர்களுக்குப் பிறகு யாருக்கு என்று விசாரித்து, கம்ப்யூட்டர் படத்தில் அந்த அறைக்குள்ளேயே தமிழில் எழுதுவார். ஒரு வீட்டில் ஓர் அறைக்கு ஆள் தெரியவில்லை. அடுத்த கல்யாணத்துக்கு எல்லாரும் வரட்டும் என்று எட்டு மாதம் படத்தை முடிக்காமல் வைத்திருந்தார்.

"என்னண்ணே, செவுத்த வரையச் சொன்னா வம்சத்த வரையுறீக."

"செவுரு இடிஞ்சா மறுபடி கட்டிப்புடலாம்யா ராசு. வெவரம் தெரிஞ்ச ஆளு போயிட்டா யாருகிட்டக் கேப்ப?"

ஆனால் அச்சடித்துக் கொடுக்கும் தாளில் அந்தப் பெயர்கள் இருக்காது. பங்காளிகளுக்குள் வம்பு வரும் என்று அதை மட்டும் மறைத்துத்தான் கொடுப்பார். பெயர்கள் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருந்தன.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மீனாள் புது கம்ப்யூட்டரும் புது சாஃப்ட்வேரும் வாங்கி வந்து வைத்தாள். பழைய படங்களைத் திறந்தோம். கோடெல்லாம் ஒரு நூல் பிசகாமல் வந்தது. பெயர் இருந்த இடமெல்லாம் கேள்விக்குறி. அந்தக் காலத்தில் ஒரு நண்பர் அண்ணனுக்காகவே செய்து கொடுத்த தமிழ் ஃபான்ட் அது. புது சாஃப்ட்வேர் அதை ஏற்கவில்லை. பழைய சாஃப்ட்வேரோ வேறு கம்ப்யூட்டரில் ஏறாது. இரண்டையும் பக்கத்தில் வைத்து, ஒருவர் வாசிக்க ஒருவர் ஒவ்வொரு பெயரையும் புதிதாக அடிக்க வேண்டும். இல்லையென்றால் பழையதை நம்பி அப்படியே விட வேண்டும்.

மீனாள் ஊருக்குப் போன மறுநாள் நானும் அண்ணனும் மட்டும் இருந்தோம். "நாளைக்கே உக்காருவோம்ணே. நான் வாசிக்கிறேன், நீங்க அடிங்க" என்றேன். "பாக்கலாம்யா" என்று தள்ளிப்போட்டார்.

ஐப்பசி மழையில் கரண்ட் வந்து வந்து போனதில் பழையது ஒரு நாள் எழும்பவே இல்லை. மதுரைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். திறந்து பார்த்த ரிப்பேர்க்காரர் திரும்ப மூடிக் கையில் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு அண்ணன் ஞாபகத்திலிருந்து எழுதிப் பார்த்தார். இரண்டு வீடு முடிந்தது. மூன்றாவதில் மூத்தவர் அறை எது, இளையவர் அறை எது என்று குழம்பி, அடித்ததையெல்லாம் அழித்தார். "தப்பா எழுதுறதுக்குக் கேள்விக்குறியே தேவலை" என்றார். அப்புறம் அந்த நாற்காலியில் சும்மாதான் உட்கார்ந்திருந்தார்.

அவருடைய காரியம் முடிந்த மறுநாள் கானாடுகாத்தானிலிருந்து ஓர் ஆச்சி வந்தார்கள். மழையில் பின்கட்டுச் சுவர் விழுந்து அறைகளைத் திறக்க வேண்டியதாகிவிட்டது. ஆச்சியின் அறையைத் தங்களுடையது என்று பங்காளி வீட்டார் பூட்டிக்கொண்டார்களாம்.

"சொக்கலிங்கம் எழுதி வச்சிருக்காகன்னு எங்க அப்பச்சி சொல்லுவாக. அதக் காட்டுங்க, போதும்."

மீனாள் அந்த வீட்டுப் படத்தைப் புது கம்ப்யூட்டரில் திறந்து காட்டினாள். ஆச்சி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அறை அறையாகப் பார்த்தார்கள்.

"இதுல நான் எங்கிட்டு இருக்கேன்?"

ஆச்சி பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள்.

அண்ணனுடைய டேப்பை மீனாள் எனக்குக் கொடுத்தாள். அது என் வீட்டு ஆணியில் தொங்குகிறது. அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அது ஒன்று. இன்னொன்றும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது.

நாளைக்கே உட்காருவோம் என்று சொன்னது நான் இல்லை. அண்ணன்தான் சொன்னார், என்னை வாசிக்கக் கூப்பிட்டார். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். இத்தனை வருடம் பேசிவிட்டு அவர் முன்னால் திணற வெட்கமாக இருந்தது. "மதுரையில ஒரு கம்ப்யூட்டர்காரரக் கேட்டேண்ணே. அடுத்த சாஃப்ட்வேர்ல பேரெல்லாம் தானா வந்துருமாம்" என்றேன். "அப்படியா? நீ விசாரிச்சா சரியாத்தான் இருக்கும்" என்று அவர் பழைய கம்ப்யூட்டரை அணைத்துத் துணியைப் போட்டு மூடினார்.

மதுரையில் அப்படி ஒருவர் இல்லை. மீனாள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். இதையும் எழுது தாயி என்றேன்.