தாம்பாளச் சத்தம்

என் பேரனுக்கு ஆறு மாத காலம் தினம் இரண்டு வேளை மருந்து கொடுத்தவள் என் தங்கை. அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. நெல்லித்தோப்பில் அவள் தைத்த ரவிக்கைக்காகக் காத்திருக்கும் பெண்கள் ஏராளம். அத்தனை வேலையிலும் ஒரு வேளை மருந்தைக்கூட அவள் தவறவிடவில்லை.

பிறந்ததும் செய்த காதுப் பரிசோதனையில் பேரன் தேறவில்லை. சிறுநீரைச் சோதித்த டாக்டரம்மா, சைட்டோமெகலோ வைரஸ் என்றார். சின்னப் பிள்ளைகளின் எச்சிலிலும் மூத்திரத்திலும் இருக்குமாம். நமக்கு வந்தால் லேசான காய்ச்சலோடு அடங்கி உடம்புக்குள்ளேயே படுத்துக்கிடக்கும். கர்ப்பிணிக்கு வந்தால் வயிற்றுப் பிள்ளையின் காதைக் கெடுக்கலாம். மருந்து அதை அடியோடு அழிக்காது, அடக்கி வைக்கும். மருந்தால் ரத்த அணு குறைகிறதா என்று அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இன்று ஒரு காதில் மெஷினோடு, கூப்பிட்டால் திரும்புகிறான்.

மூத்த பேத்தி தட்டில் வைத்த மிச்சத்தை என் மகள் கர்ப்பமாக இருந்தபோது சாப்பிட்டாளா என்று டாக்டரம்மா அன்று கேட்டிருந்தார். எங்கள் வீடுகளில் சாப்பிடாத தாய் யார்? தங்கை வயிற்றில் இருந்தபோது என் தட்டை வழித்துச் சாப்பிட்டவள் என் அம்மா. கூச்சத்தை விட்டு அதைச் சொன்னேன்.

"உங்க தங்கச்சிக்கு அப்படியும் வந்திருக்கலாம்ங்க. இப்ப உறுதியா சொல்ல முடியாது. ஆனா யார் மேலயும் தப்பில்ல" என்றார்.

தங்கைக்குக் காது கேட்காதென்று யாருக்கும் தெரியாத நாட்கள் அவை. எனக்கு ஐந்து வயது, அவளுக்கு எட்டு மாதம். மில் சங்கு ஊதினால் தெருவில் தூளிக் குழந்தைகளெல்லாம் வீறிடும். அவள் மட்டும் அசையமாட்டாள். யாரிடமும் வாய் திறக்காத நான், அவள் வீரத்தைத் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன். எதிர்வீட்டுப் பையன் நம்பவில்லை.

"போடா, புளுவாத. அதுவும் உன்ன மாதிரி ஊமக்கோட்டானா இருக்கும்" என்றான்.

அம்மா குழாயடிக்குப் போன நேரம் அவனைக் கூட்டிவந்தேன். தங்கை எங்களுக்கு முதுகு காட்டி, பாயில் கிலுகிலுப்பையைச் சப்பிக்கொண்டிருந்தாள். பித்தளைத் தாம்பாளத்தைக் கரண்டியால் அடித்தேன். அவன் காதைப் பொத்திக்கொண்டான். அவள் திரும்பவே இல்லை.

வாசலில் அம்மா குடத்தோடு நின்றாள். முதுகில் அடி விழும் என்று ஒடுங்கினேன்.

"இன்னொரு தடவ அடிடா" என்றாள்.

அடித்தேன்.

"இன்னும் ஓங்கி அடிடா, கண்ணு."

கரண்டி வளையும்வரை அடித்தேன். இடுப்புக் குடத்தை இறக்காமலே அம்மா தங்கையின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் வழிந்தது. என்னைப் போலவே அம்மாவுக்கும் பெருமை தாங்கவில்லை என்று நினைத்து, மறுபடியும் கரண்டியை ஓங்கினேன்.