எடைக்காக நின்ற கொழுந்து

திரையில் படம் ஓட்டுகிற தொழிலில் என்னைப்போல மாட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும்: படம் சீராக ஓடினால் யாரும் கவனிக்க மாட்டார்கள், ஒரு தடவை விக்கினால் ஊரே கவனிக்கும்.

எனக்கு ஊர் என்றால் மலேசியாவின் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டம். தொழிற்சாலையைப் பார்க்க வருகிறவர்களுக்காக, கொழுந்து தூளாகும் கதையை அனிமேஷனாகச் செய்யச் சொன்னார் மேனேஜர். சனிக்கிழமை திறப்பு. அங்கே லோரி ஓட்டி ஓய்வுபெற்ற என் அப்பா, “எம் மக செஞ்ச படம்” என்று தொழிலாளர் லைன் வீடுகள் முழுக்க அழைப்பு வைத்துவிட்டார். அவர் தலைகுனியக் கூடாதே என்பதுதான் என் பயமெல்லாம்.

ஊர்ந்த கொழுந்து

வீட்டில் கொழுந்து இரண்டு நொடியில் கூடையில் விழுந்தது. தொழிற்சாலையில் ஊர்ந்தது. ஒரு பிரேமுக்கு இத்தனை புள்ளி நகர வேண்டும் என்று எழுதியிருந்தேன். அங்கிருந்த பழைய கம்ப்யூட்டர், நொடிக்கு என்னுடையது போடுவதில் கால்வாசி பிரேம்கூடப் போடவில்லை. ஆபீஸ் கணக்கைப் பார்க்கும் கிராணி நாற்காலியை இழுத்துப் போட்டு வேடிக்கை பார்த்தார்.

“என்னம்மா, இது கூடைக்கு வர்றதுக்குள்ள நான் ஒரு தே தாரிக் குடிச்சிட்டு வந்துருவேன் லா.”

விக்கல்

பிரேமை விட்டுவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து நகரும்படி மாற்றினேன். வேகம் சரியாயிற்று. ஆனால் அவ்வப்போது கொழுந்து அந்தரத்தில் நின்று, பிறகு ஒரே தாவில் கூடைக்குள் போனது. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் பார்த்தால், கொழுந்து லோரிகளை எடை போடும் கம்ப்யூட்டரிலிருந்துதான் திரைக்கு வயர் இழுத்திருந்தார்கள்! கிராணி எடையைப் பதிந்து சீட்டு அடிக்கும்போதெல்லாம் என் படத்துக்கு விக்கல். சனிக்கிழமை அரை மணி நேரம் மட்டும் லோரியை நிறுத்திவைக்கச் சொல்லி அவரிடம் கெஞ்சினேன்.

“ஒம் படம் காத்திருக்கும், கொழுந்து காத்திருக்காது. லோரியில கெடந்தா சூடேறிக் கெட்டுப்போயிரும்.”

மேனேஜர்

திரை வயர் பொருந்தாத என் மடிக்கணினியில் அவருக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு விக்கல் இல்லை. மூன்று முறை பார்த்தார்.

“ஸ்மூத்தாதான் இருக்கு. ஆனா இன்னும் கொஞ்சம் ஸ்மூத் வேணும்.”

சனிக்கிழமை

லைன் சனம் முழுக்க வந்திருந்தது. முன்வரிசையில் அப்பா, இஸ்திரி போட்ட சட்டையில். கொழுந்து கூடையை நோக்கி இறங்கியது. வெளியே லோரி சத்தம். கொழுந்து பாதியில் நின்றது. எனக்கு உயிரே போய்விட்டது. சனம் சலசலத்தது, மேனேஜர் என்னை முறைத்தார்.

அப்பா நிதானமாக எழுந்து கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். அவர் சொன்னதைக் கேட்டதும் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளலாம்போல இருந்தது எனக்கு.

“வெளிய லோரி எடை போடறாங்கல்ல, அதான் கொழுந்து நிக்குது. எடை போடாம எந்தக் கொழுந்து உள்ள போயிருக்கு?”

திங்கட்கிழமை

அப்பா சொன்னதற்குச் சனம் கைதட்டியதை மேனேஜர் மறக்கவில்லை. திரைக்கென்று புதுக் கம்ப்யூட்டர் வாங்கிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“எல்லாம் நல்லா ஓடுது, ஆனா லோரி வந்தா கொழுந்து நிக்க மாட்டேங்குதே, ஏன்?”

ஆக, விக்கலை நிறுத்த மூன்று வாரம் பாடுபட்டவள், இப்போது அதே விக்கலைச் சரியான நேரத்துக்கு வரவழைக்க நான்காவது வாரமும் பாடுபட்டுக்கொண்டிருக்கிறேன்.