தொரைக்கு வாயாக இருந்த சின்னராசு

என் அக்காள் புருஷன் சின்னராசுவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்கு முதலில் எரிச்சல்தான் வரும். நல்லவன்தான், இல்லை என்று சொல்லவில்லை. அட, பார்த்தீர்களா! "இல்லை என்று சொல்லவில்லை" என்று எனக்கும் வந்துவிட்டது. அவனிடமிருந்து ஒட்டிய வியாதி இது. அவனுக்கு அது காட்டு இலாகாவின் வெள்ளைக்காரத் தொரையிடமிருந்து ஒட்டியது.

அவன் எனக்குச் சொந்தத் தாய்மாமன் மகன். கூடவே ஆடு மேய்த்து, கூடவே பலாச்சுளை திருடித் தின்றவன். அதனால் அவன் இவன் என்றுதான் பேசுவேன், பொம்பளை இப்படிப் பேசுகிறாளே என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். மீசை முளைக்கும் முன்பே மலையை விட்டு ஓடிப்போய், ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் ஒரு வெள்ளைக்காரர் பங்களாவில் பாத்திரம் தேய்த்தான். திரும்பி வரும்போது தலையில் ஒரு தொப்பி, இடுப்பில் ஒரு காக்கி நிக்கர், வாய் நிறைய இங்கிலீசு. எங்கள் கொல்லிமலைக்கு மேற்பார்வைக்கு வந்த தொரைக்குத் தமிழ் வராது, எங்களுக்கு இங்கிலீசு வராது. நடுவில் பேசச் சின்னராசுவை வைத்துக்கொண்டார்கள். அந்தச் சவடாலில் என் அக்காள் பொன்னாயியையும் அவனுக்கே கட்டிக்கொடுத்தோம்.

ஒருநாள் அவனிடம் கேட்டேன், "ஏன் மச்சான், உங்க தொரை அப்பிடி என்னதான் பேசுறாரு? காலையில தொடங்குனா பொழுது சாயுதே!"

"அவங்க ஒரு வார்த்தை சொன்னா அதோட உடமாட்டாங்க கண்ணு," என்றான். "நாம வெதைச்ச காட்டுக்கு வேலி கட்டுற மாதிரி, சொன்ன பேச்சைச் சுத்தி வேலி கட்டுவாங்க. 'நான் சொன்னதுக்கு அது அர்த்தமில்லை'ன்னு ஒரு முள்ளு. 'அதனால நான் இதை மறுக்கறேன்னு நெனைச்சுக்காதே'ன்னு இன்னொரு முள்ளு. 'வேற மாதிரிச் சொல்லப்போனா'ன்னு ஒரு படலு. கடைசியா, 'என் நெலையைத் தெளிவாக்கிடறேன்'னு ஆரம்பிப்பாங்க."

"அப்பத் தெளிஞ்சிருமா?"

"அப்பத்தான் தொடங்கும்."

"ஆடு நுழைய வழி உண்டா மச்சான்?"

"ஆடா? சொன்னவங்களே உள்ள போக முடியாது," என்று பெருமையாகச் சிரித்தான். பெருமை! அதைப் பாருங்கள்.

வேலி கட்டுவது தொரையோடு நின்றிருந்தால் எங்களுக்கென்ன? இவன் வீட்டிலும் கட்ட ஆரம்பித்தான். "ஏனுங்க, களி போடட்டுங்களா?" என்று அக்காள் கேட்பாள். "போடு. போடுன்னு சொன்னதால பசிக்குதுன்னு அர்த்தமில்லை. பசியே இல்லைன்னும் நான் சொல்ல வரலை. நான் சொல்ல வர்றது என்னன்னா..." என்று இவன் முடிப்பதற்குள் களி ஆறிக் கல்லாகிவிடும். ஒருநாள் அவள், "என்னைக் கட்டிக்கிட்டது உனக்குச் சந்தோசமா இல்லையா?" என்று கேட்டாள். "சந்தோசமில்லைன்னு சொல்லிர முடியாது" என்றான், மடையன்! அக்காள் களிச் சட்டியை அப்படியே நாய்க்கு வைத்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். "வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டா அந்த மனுசன் ஒரு பேச்சுப் பேசட்டும், அன்னிக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டாள்.

அந்த வைகாசியில் எங்களுக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. எங்கள் அம்மா பாப்பாயிக்கு இருந்தது ஒரே ஒரு சாமைக்காடு. அப்பா போன பிறகு அதுதான் எங்களுக்குச் சோறு. காட்டு இலாகாக்காரர்கள் எல்லைக்கல் நட்டபோது எங்கள் காடு கல்லுக்கு அந்தப்பக்கம், சர்க்கார் காட்டோடு போய்விட்டது. மழை விழுந்துவிட்டது, விதை கட்டி வைத்தாயிற்று, காவலாட்களோ, "தொரை சொல்லாம மண்வெட்டி படக்கூடாது" என்று நின்றார்கள். விதைக்காவிட்டால் அந்த வருஷம் வயிற்றில் ஈரத்துணிதான். அம்மா சின்னராசுவைப் பிடித்து, "மாப்ள, வெதைக்கலாமா கூடாதா? தொரைகிட்ட ஒரே ஒரு பேச்சு வாங்கிக் குடு சாமி" என்றாள். ஒரே ஒரு பேச்சாம், அந்தத் தொரையிடம்!

ஊர்க்கவுண்டர் செங்கோடன் வீட்டு வாசலில் கூட்டம் போட்டார்கள். எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. வெற்றிலை வைத்து உட்கார்ந்த இடத்தில் சொன்ன வார்த்தையை மாற்ற வேண்டுமென்றால், எழுந்து வேலியோரம் போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்துதான் மாற்றிச் சொல்ல வேண்டும். பழைய வாயால் புதுப் பேச்சு பேசக்கூடாது. எங்கள் ஆட்கள் அந்த வெட்கத்துக்குப் பயந்தே யோசித்துப் பேசுவார்கள். ஒரு மனுஷன் ஆயுசில் ஒரு தடவை கொப்பளித்தாலே பேரன் காலம் வரை கேலி நடக்கும்.

தொரை நாற்காலியில் உட்கார்ந்து ஏதோ சொன்னார். சின்னராசு, "வெதைக்கலாமுங்க" என்றான். அம்மா முகத்தில் விளக்கேற்றியது போல் ஆயிற்று. மடியிலிருந்த விதை மூட்டையின் முடிச்சை அவிழ்த்தாள்.

தொரை விரலைத் தூக்கினார். அவர் சொன்னதைக் கேட்டுச் சின்னராசு எங்கள் பக்கம் திரும்பினான். "அதுக்காக வெதைக்க உரிமை குடுத்ததா அர்த்தமில்லைங்களாம்."

அம்மா முடிச்சைத் திரும்பப் போட்டாள். செங்கோடக் கவுண்டர் நிமிர்ந்தார். "பேச்சு மாறுது. வாய் கொப்பளிக்கோணும்."

யாரை எழுப்புவது? பூட்ஸும் தொப்பியுமாக உட்கார்ந்திருக்கும் தொரையை வேலியோரம் போகச் சொல்ல யாருக்குத் தைரியம்? கவுண்டர் தாடியைத் தடவி யோசித்துத் தீர்ப்புச் சொன்னார். "வார்த்தை எந்த வாயில வந்து நம்ம காதுல உழுந்துதோ, அந்த வாய் கழுவட்டும். ஏப்பா சின்னராசு, எந்திரி."

அவன் எழுந்தான். சொம்பில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தவள் நான். கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"உரிமை குடுக்கலைன்னா தடுக்கறதா நெனைச்சுக்கக் கூடாதாம்."

"எந்திரி."

"கொள்கை அளவுல தொரைக்கு மறுப்பில்லைங்களாம். ஆனா மறுப்பில்லைங்கறதை ஒப்புதல்னு எடுத்துக்கக் கூடாதாம்."

"எந்திரி, எந்திரி!"

இவன் எதற்கு ஓடி ஓடிப் போகிறான் என்று தொரை விசாரித்தார். உங்கள் பேச்சுக்கு இந்த ஊர் செய்கிற மரியாதை என்று இவன் சொல்லி வைத்தான். தொரைக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இன்னும் விளக்கமாகப் பேசத் தொடங்கிவிட்டார்! குடம் காலியாகி நான் ஓடைக்குப் போய் மொண்டுவந்தேன். கூட்டமே வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது. எனக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அம்மாவைப் பார்த்தபோது நின்றுவிட்டது. ஒவ்வொரு பேச்சுக்கும் அவள் அந்த முடிச்சை அவிழ்ப்பதும் போடுவதுமாக இருந்தாள். அதைச் சின்னராசுவும் பார்த்தான்.

சட்டையெல்லாம் நனைந்து, உதடு வெளுத்து, கடைசியாக வேலியோரத்திலிருந்து வந்தவன் உட்காரவில்லை. தொரை இன்னும் பேசிக்கொண்டுதான் இருந்தார். இவன் நின்றபடியே, "தொரை முடிவாச் சொல்லிட்டாருங்க. வெதைக்கலாம்!" என்றான்.

"அவ்வளவுதான், எடுங்க வெத்தலையை" என்றார் கவுண்டர். எல்லோரும் எழுந்து போனோம். தொரை பாதிப் பேச்சில் திகைத்து நின்றார். நீ என்ன சொன்னாய் என்று கேட்டிருக்கிறார். இவன் இங்கிலீசில், "நீங்கள் சொன்னதைத்தான் சொன்னேன். முழுவதையும் சொன்னேன் என்று பொருளல்ல. எதையாவது விட்டுவிட்டேன் என்றும் பொருளல்ல. என் நிலையைத் தெளிவாக்கினால்..." என்று எடுத்து விட்டிருக்கிறான். தொரைக்குச் சொந்த ஊர்க்காரனைக் கண்டது போல் இருந்திருக்கும். தலையாட்டிவிட்டுக் குதிரை ஏறினார்.

அம்மா அன்றே விதைத்தாள். அக்காள் மட்டும் அசையவில்லை. "அது தொரை பேச்சு. இந்த மனுசன் பேச்சு எங்க?" என்றாள்.

ஐப்பசியில் சாமை தலை சாய்ந்து நின்றது. நாங்கள் மூவரும் அரிவாளோடு காட்டில் இறங்கிய அன்றைக்கென்று பார்த்துத் தொரை வந்து நின்றார். பின்னால் ரேஞ்சர், காவலாட்கள், சின்னராசு. கல்லுக்கு அந்தப்பக்கம் கதிரைப் பார்த்ததும் தொரை முகம் மிளகாய்ப்பழமாகச் சிவந்தது. அம்மாவைக் கைநீட்டிக் காட்டி ரேஞ்சரிடம் கத்தினார். கேஸ் போடு, கதிரைப் பறிமுதல் செய் என்கிறார் என்பது இங்கிலீசு தெரியாத எனக்கே புரிந்துவிட்டது. அம்மா அரிவாளைக் கீழே போட்டுவிட்டுக் கும்பிட்டாள். "தொரை சொல்லித்தானுங்க வெதைச்சேன்" என்று அழுதாள்.

தொரை சின்னராசு பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். போச்சு, இனி வேலி கட்டுவான், இருட்டும்வரை கட்டுவான், அம்மாவைக் கொண்டுபோய்ச் சேந்தமங்கலத்துக் கச்சேரியில் நிறுத்திவிடுவார்கள் என்று நினைத்தேன்.

அவன் தொப்பியைக் கழற்றினான். இங்கிலீசில் ரெண்டே வார்த்தை சொன்னான். எங்கள் பக்கம் திரும்பித் தமிழிலும் சொன்னான். "தொரை சொல்லலை. நான்தான் வெதைக்கச் சொன்னேன்."

அவ்வளவுதான். வாயை மூடிக்கொண்டு நின்றான். வேலை போகும், ஜெயிலுக்கும் போவான், அது அவனுக்குத் தெரியும். அவன் மேல் எனக்கு இருந்த எரிச்சலெல்லாம் போய், ஓடிப்போய் அவன் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

தொரை காத்திருந்தார். இன்னும் வரும் என்று நினைத்தார் போல. சின்னராசு பேசவில்லை. ரேஞ்சர் தொண்டையைச் செருமினார். தொரை தலையைச் சாய்த்துப் பார்த்தார், புருவத்தைத் தூக்கிப் பார்த்தார், ஒன்றும் வரவில்லை. விளக்கம் இல்லாத ஒரு பேச்சு அவர் முன்னால் மொட்டையாக நிற்கிறது. அந்த மனுஷனால் அதைத் தாங்கவே முடியவில்லை! சட்டென்று ரேஞ்சரிடம் திரும்பித் தாமே ஆரம்பித்துவிட்டார், என்ன சொன்னார் என்பது பிற்பாடு சின்னராசு சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். இவன் அப்படிச் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. இவன் சொல்ல வந்தது வேறு. நான் அன்று சொன்னதன் உட்பொருளைத்தான் இவன் சொல்லியிருக்கிறான். உட்பொருள் அதுவல்ல என்று நானும் சொல்லிவிட முடியாது. வேறு மாதிரிச் சொல்லப்போனால்... என்று கைத்தடியால் காற்றில் கோடு போட்டுப் போட்டு, பொழுது உச்சிக்கு ஏறும்வரை பேசினார். ரேஞ்சர் தலையாட்டித் தலையாட்டிக் களைத்துப் போனார், கேஸ் பேச்சும் அதோடு போய்விட்டது.

"என்ன மாப்ள சொல்றாரு?" என்று அம்மா கேட்டாள்.

"அறுக்கச் சொல்றாரு அத்தை."

அம்மா அரிவாளை எடுத்தாள். நான் முந்தானையை வரிந்து கட்டிக்கொண்டு கதிரில் இறங்கினேன். அக்காளைத் திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம், மூட்டை கட்ட வீட்டுக்குப் போய்விட்டாள்.