அம்பத்தூரில் ஒரு கடல்: சூடு தாங்கும் பவளக் குஞ்சுகளுக்கு மதிப்பெண் போட்ட சனிக்கிழமை

கோடை விடுமுறையில் எங்கே போனாய் என்று கேட்டவர்களிடம் அம்பத்தூர் தொழிற்பேட்டை, அதாவது எஸ்டேட் என்று சொன்னேன். யாரும் அடுத்த கேள்வி கேட்கவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் பள்ளி அறிவியல் மன்றத்துக்கு ஒருமுறை தேன்மொழி அக்கா பேச வந்தார். தூத்துக்குடிக்காரர், பவள ஆராய்ச்சியாளர். கடல் அளவுக்கு மீறிச் சூடானால் பவளம் தன் உடலுக்குள் வாழும் நுண்பாசிகளை வெளியே துப்பிவிடும் என்றார். பாசிதான் அதற்கு நிறமும் சாப்பாடும். பாசி போனால் பவளம் வெளுத்துப் பட்டினி கிடக்கும். சூடு நீடித்தால் செத்துவிடும். தூத்துக்குடி பக்கம் ஒரு தீவை ஒட்டிய பாறையில் இப்படி எல்லாம் வெளுத்தபோது இரண்டு மட்டும் பழுப்பாகவே நின்றனவாம். அவற்றிலிருந்து முறைப்படி அனுமதி வாங்கிக் கிளை எடுத்துவந்து, ஜோடி சேர்த்து, அம்பத்தூரில் குஞ்சு பொரித்திருக்கிறேன் என்றார். வந்து பார்க்கலாமா என்று கேட்டு நான் அன்று மாலையே மின்னஞ்சல் அனுப்பினேன். மே மாதம் ஒரு சனிக்கிழமை வரச் சொன்னார்.

நாங்கள் இருப்பது ஐயப்பன்தாங்கல். அம்மாவும் நானும் காலை எட்டரைக்குக் கிளம்பினோம். போரூரில் பேருந்து மாறி, மதுரவாயல், முகப்பேர் வழியாக எஸ்டேட் போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம் ஆனது. தூரம் சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர்தான், மீதியெல்லாம் சிக்னல். பெண்களுக்கு இலவசமான சாதாரணப் பேருந்து என்பதால் எங்கள் இருவருக்கும் கட்டணம் இல்லை. அங்கிருந்து ஆட்டோவுக்கு அறுபது ரூபாய்.

"அங்க வெறும் லேத் பட்டறைதாம்மா கீது. இன்னா பாக்கப் போறீங்க?" என்றார் ஆட்டோக்காரர்.

"பவளப்பாறை அண்ணா. வெயில் தாங்குறது எதுன்னு சோதிக்கிறாங்க."

அவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். "வெயில் தாங்குதான்னு பாக்கவா? அப்ப கரெக்டான ஊருக்குத்தான் இட்டாந்துகிறாங்க."

இடம் ஒரு பழைய பட்டறைக் கொட்டகை. வெளியே இரும்பு சீவும் சத்தமும் எண்ணெய் வாடையும். கதவைத் திறந்தால் கடல் வாசனை. உள்ளே நுழையுமுன் முழங்கை வரை கை கழுவச் சொன்னார்கள். அம்மா கொசுவுக்குப் பூசியிருந்த களிம்பையும் தேய்த்துக் கழுவ வைத்தார்கள். துளி கலந்தாலும் தொட்டிக்கு ஆகாதாம்.

நீல விளக்கின் கீழ் இருந்த முதல் தொட்டியின் கண்ணாடியில் மூக்கு ஒட்டக் குனிந்தேன். விரல் தடிமன் கிளைகள், ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கான சின்ன வாய்கள், ஒவ்வொரு வாயைச் சுற்றியும் பச்சையாக மின்னும் கைகள். அசைவது தண்ணீரா அவையா என்று தெரியவில்லை. கல் என்று நினைத்துக்கொண்டிருந்தது உயிருள்ள ஒரு தெருவாக இருந்தது. வெளுக்காமல் நின்ற இரண்டின் கிளைகள் அவைதான்.

"போன வருஷம் பங்குனி பௌர்ணமி ஒட்டி முட்டை விட்டுச்சு," என்றார் தேன்மொழி அக்கா. "முட்டையும் விந்தும் ஒரே உருண்டையா மேல வரும். அதனால அம்மா யாரு, அப்பா யாருன்னு கேக்காத. ஒவ்வொண்ணும் அம்மாவும்தான், அப்பாவும்தான்."

சோதனைத் தொட்டி அடுத்த அறையில். அதில் கை வைத்தால் குளிக்க விளாவிய தண்ணீர் போல இருந்தது. முப்பத்து மூன்று டிகிரியில் ஏழு நாள், அன்றுதான் கடைசி நாள். உள்ளே இருபத்து நான்கு சிறிய சுட்ட மண் ஓடுகள், ஒவ்வொன்றிலும் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு ஒரு வயதுக் குஞ்சு. பாதி, வெளுக்காத இரண்டின் பிள்ளைகள். பாதி, சாதாரணப் பவளங்களின் பிள்ளைகள்.

அக்கா சொன்னதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன். பெற்றோர் தாங்கியது பிறவிக் குணமா, நல்ல நீரோட்டத்தில் இருந்த அதிர்ஷ்டமா என்று பெற்றோரைப் பார்த்துச் சொல்ல முடியாது. பிள்ளைகள் தாங்கினால் குணம். எல்லாப் பிள்ளைகளும் ஒன்றுபோல வெளுத்தால் வெறும் அதிர்ஷ்டம். அப்படியானால் அக்காவின் மூன்று வருட வேலை மறுபடி முதலிலிருந்து.

எது யார் பிள்ளை என்று ஓட்டின் அடியில் மட்டும் அடையாளம் உண்டு. சாதாரணத்துக்கு ஒரு வெட்டு, தாங்கியவற்றின் பிள்ளைக்கு இரண்டு. அதை வெட்டி, கலைத்து அடுக்கியவர் மணி அண்ணன். முன்பு ஏசி மெக்கானிக், இப்போது தொட்டிகளைப் பார்த்துக்கொள்கிறார். அக்கா அடியைப் பார்க்கவே மாட்டார். பார்த்தால் கண் ஆசைப்பட்டதைத்தான் காணும் என்றார். பிறகு என்னிடம் ஓர் அட்டையைக் கொடுத்தார். அதில் வெள்ளையிலிருந்து அடர்பழுப்பு வரை ஆறு கட்டங்கள்; வெள்ளைக்கு ஒன்று, அடர்பழுப்புக்கு ஆறு.

"எனக்கு எது யாருதுன்னு தெரியாது. ஆனா ஜெயிக்கணும்னு ஆசை இருக்கு. உனக்கு அதுவும் இல்ல. நீ பாத்து நம்பரைச் சொல்லு, நான் எழுதுறேன்."

எனக்கும் ஆசை இருந்தது. அதை நான் சொல்லவில்லை.

வெள்ளை விளக்கைப் போட்டார்கள். மூன்று. ஒன்று. ஐந்து என்று நான் சொன்னதும் மணி அண்ணன் தொண்டையைச் செருமினார். அடுத்தது ஒன்று, அறை அமைதி. அதற்கடுத்து நான்கு, மறுபடி செருமல்.

"மணி அண்ணே, டீ வாங்கிட்டு வாங்க."

"நான் இன்னா மேடம் பண்ணேன்? தொண்டை கட்டிக்கினு கீது."

"உங்க தொண்டைக்கு எல்லா ஓடும் தெரிஞ்சிருக்கு. மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும். போங்க."

"ஏழு நாளா சோறு தூக்கம் இல்லாம பாத்துகினேன். சந்தோஷப்படக் கூடாதா?" என்று என் அம்மாவிடம் முறையிட்டுக்கொண்டே பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு போனார்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஓடுகளை இடம் மாற்றிக் கலைத்தார். மறுபடி முதல் ஓடு. இம்முறை ஒவ்வொன்றையும் நிதானமாகப் பார்த்தேன். ஒன்று மட்டும் தகராறு செய்தது. ஓரத்தில் பழுப்பு, நடுவில் வெளுப்பு. மூன்று என்று வாய் வரை வந்துவிட்டது. அட்டையை இன்னும் கிட்டே பிடித்தேன். இரண்டுதான். இரண்டு என்றேன். அக்கா எழுதினார், முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

மணி அண்ணன் டீயோடு வந்ததும் புரட்டத் தொடங்கினோம். நான்கும் அதற்கு மேலும் வாங்கியவை, அதாவது சூட்டைத் தாங்கியவை, ஏழு. முதல் ஓட்டில் இரண்டு வெட்டு. அடுத்ததிலும் இரண்டு. மூன்றாவதில் ஒன்று, அதை யாரும் எதிர்பார்க்கவில்லை. மீதி நான்கிலும் இரண்டு. அக்கா ஈரக் கையோடு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"வந்திருக்கு," என்றார் மெதுவாக. "புள்ளைங்களுக்கு வந்திருக்கு."

நான் இரண்டு கொடுத்ததையும் புரட்டினேன். இரண்டு வெட்டு. தாங்கியவற்றின் பிள்ளைகளிலேயே பாதி தாங்கவில்லை. எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"மூணுன்னு சொல்லலாமான்னு பாத்தேன் அக்கா."

"சொல்லியிருந்தா நான் உன்னை நம்பியிருப்பேன்," என்றார். அவ்வளவுதான். பேருந்தில் வீடு திரும்பும்வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

எதிர்பாராமல் தாங்கிய அந்த ஒற்றை வெட்டுக் குஞ்சையும் அக்கா ஒதுக்கவில்லை. யார் பிள்ளையானாலும் தாங்கியது தாங்கியதுதான், அதையும் அடுத்த ஜோடியில் சேர்ப்பேன் என்றார். வெளுத்தவற்றை மணி அண்ணன் ஒவ்வொன்றாகக் குளிர்ந்த தொட்டிக்கு மாற்றினார். வெளுப்பு சாவு இல்லை, சூடு தணிந்தால் சிலவற்றில் பாசி திரும்பிக் குடியேறும்.

ஆட்டோ அண்ணாவிடம் நான் சொல்லாமல் விட்டது ஒன்று. இங்கே எந்தப் பவளத்தையும் வெயிலுக்குப் பழக்கவில்லை. கடல் ஏற்கெனவே எதைத் தாங்க வைத்திருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்து, அதன் வம்சத்தைப் பெருக்குகிறார்கள். கடல் சூடாகிக்கொண்டே போனால் இந்த வம்சத்துக்கும் ஓர் எல்லை உண்டு. இது கொஞ்சம் அவகாசம் தரும், அதற்குள் புகையைக் குறைப்பது மனிதர்கள் வேலை என்றார் அக்கா.

இதுபோன்ற ஆய்வுக்கூடங்களைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு: முன்அனுமதி இல்லாமல் போகாதீர்கள். கையில் கிரீம், பவுடர் எதுவும் வேண்டாம். கொட்டகை அனலாக இருக்கும், பருத்தி உடையும் தண்ணீரும் அவசியம். பக்கத்தில் ஓட்டல் இல்லை, நாங்கள் கொண்டுபோன தயிர் சாதத்தை மணி அண்ணனும் பகிர்ந்துகொண்டார். பவளத் துண்டை யாராவது விற்றால் வாங்காதீர்கள், அது சட்டப்படி குற்றம்.

அடுத்த ஜோடிக்கு ஒவ்வொன்றிலும் ஒரு துண்டை இங்கே எடுத்து வைத்துவிட்டு, புரட்டாசிக்குப் பிறகு காற்று தணிந்ததும் அந்த ஏழையும் தூத்துக்குடிக் கடலுக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே மதிப்பெண் அட்டையும் கிடையாது, குளிர்ந்த தொட்டியும் கிடையாது. இதுவரை சித்திரை எனக்குப் பரீட்சை முடிகிற மாதம். வருகிற சித்திரையில் வெயில் ஏறும் ஒவ்வொரு நாளும், ஏழு ஓடுகள் பழுப்பாகவே இருக்கின்றனவா என்று நினைத்துக்கொண்டிருப்பேன்.