எண்ணூர்க் கழிமுகத்தில் கனடா கால்சட்டை

மூன்று வருஷத்துக்கு முன்னால், புரட்டாசி மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை. இடம், எண்ணூர்க் கழிமுகம். கொசஸ்தலை ஆறு கடலில் கலப்பதற்குக் கொஞ்சம் முன்னால், அத்திப்பட்டுப் புகைபோக்கிகள் நேர் எதிரே தெரிகிற இடம். நான் திருவொற்றியூர்க்காரன். அப்போது எனக்கு நாற்பத்தெட்டு வயது. அந்த வயதில் வரக்கூடாத ஆசை ஒன்று எனக்கு வந்திருந்தது.

என் மனைவியின் தம்பி கனடாவில் இருக்கிறான். இலையுதிர் காலம் வந்தால் அங்கே ட்ரவுட், ஸ்டீல்ஹெட் என்று மீன்கள் ஆற்றில் ஏறி வருமாம். கூட ஒரு கைடை வைத்துக்கொண்டு, இடுப்பளவு ஓடுகிற குளிர்ந்த தண்ணீரில் நின்று இவன் தூண்டில் போடுவான். ஃப்ளை ஃபிஷிங் என்று பெயர். புழு கிடையாது, இறால் துண்டு கிடையாது. கொக்கியில் இறகும் நூலும் சுற்றிப் பூச்சி மாதிரி செய்து, கனமான கயிற்றைத் தலைக்கு மேலே முன்னும் பின்னுமாக வீசித் தண்ணீரில் மெதுவாக இறக்க வேண்டும். மீன் ஏமாந்து கவ்வினால் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, மறுபடி ஆற்றிலேயே விட்டுவிடுவார்கள். வாரா வாரம் இந்த வீடியோ வரும். நானும் சாப்பிடும்போதுகூட அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்த வருஷம் லீவில் வந்தவன், பழைய ஃப்ளை தூண்டில் ஒன்றையும், மார்பு வரைக்கும் ஏறுகிற ரப்பர் கால்சட்டை ஒன்றையும் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனான். கால்சட்டையோடு பூட்ஸும் சேர்ந்தே இருக்கும். வழுக்காமல் இருக்கப் பூட்ஸின் அடியில் சின்னச் சின்ன ஆணிகள். தோளில் மாட்டிக்கொள்ளப் பட்டை. ஒரு மாதம் மொட்டை மாடியில் பயிற்சி எடுத்தேன். இரண்டு தடவை கீழ் போர்ஷன் அம்மா காயப்போட்ட புடவையில் கொக்கி மாட்டியது. "மீன் பிடிக்கிறீங்களோ இல்லியோ, எங்க வீட்டுத் துணியெல்லாம் நல்லாப் பிடிக்கிறீங்க" என்றார் அந்த அம்மா. எனக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. ட்ரவுட் இல்லாவிட்டால் என்ன, நம் கழிமுகத்தில் கொடுவா மீன் இருக்கிறதே என்று கிளம்பிவிட்டேன்.

எண்ணூரில் ஒரு படகுக்காரர் இருந்தார். வார நாட்களில் வலை. ஞாயிறானால் தூண்டில் போட வருகிற என்னைப் போன்ற ஆட்களை ஃபைபர் படகில் ஏற்றிக்கொண்டு மீன் இருக்கிற இடம் காட்டுவார். என் வயதுதான் இருக்கும். விடிந்த உடனே கிளம்பினோம். படகிலேயே பேண்ட்டைக் கழற்றிவிட்டு அந்த ரப்பர் கால்சட்டைக்குள் நுழைந்தேன். உள்ளே வெறும் ஜட்டி. வேறு துணி போட்டால் வெந்துவிடும் என்று மச்சான் சொல்லவில்லை, நானே கண்டுபிடித்தது. படகுக்காரர் மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா சார் இது, சாக்கடை அடைப்பு எடுக்கிறவங்க போட்டுக்கிறா மாதிரி கீது?"

ஃபாரின் என்றேன். மீனைப் பிடித்துத் திரும்ப விட்டுவிடுவேன் என்றும் சொன்னேன். "வுடறதுக்கா சார் இம்மா ஜோடனை?" என்று சிரித்தார். வீட்டில் புரட்டாசி என்பதால் மீன் கொண்டுபோனால்தான் பிரச்சினை என்றேன். அதற்கும் சிரித்தார். எனக்குக் கொஞ்சம் கோபம்தான். கனடாவில் கைடு இப்படியா சிரிப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

தண்ணீர் நன்றாக வற்றியிருந்தது. ஒரு திட்டுப் பக்கம் படகை ஒதுக்கி, இங்கே இறங்கு சார் என்றார். இறங்கினேன். தொடையளவு தண்ணீர், கீழே கெட்டியான மணல். ஆனால் பத்துப் பதினைந்தடி தள்ளி மூன்று பெண்கள் தண்ணீருக்குள் குந்தியிருந்தார்கள். கழுத்து மட்டும்தான் வெளியே. பனை ஓலையில் பின்னிய பறிக்கூடையைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் அடித் தரையைத் தடவித் தடவி இறால் பிடித்துப் பறிக்குள் போட்டுக்கொண்டிருந்தார்கள். தண்ணீருக்கடியில் கை என்ன செய்கிறது என்று வெளியே ஒன்றும் தெரியாது. மெல்ல மெல்ல நகர்வது மட்டும்தான் தெரியும்.

நான் பார்த்த வீடியோ எதிலும் பக்கத்தில் ஆட்கள் குந்தியிருக்கவில்லை. கயிற்றைப் பின்னால் வீசினால் அவர்கள் தலை மேலே போகும். போதாததற்கு அவர்கள் தடவுவதில் மீன் கலைந்துவிடும் என்று எனக்கு ஒரு எண்ணம். படகுக்காரரிடம், "அவங்களக் கொஞ்சம் தள்ளிப் போகச் சொல்லுங்க" என்றேன்.

அவர் தலையைச் சொறிந்தார். "அவங்க அங்க கீறது நல்லதுதான் சார்" என்றார்.

ஏன் நல்லது என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நான் வேலை பார்ப்பது சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில், லாரிக்கு லோடு ஏற்றுகிற இடத்தில். நாள் முழுக்க ஆட்களை அங்கே போ, இங்கே நில் என்று விரட்டுகிற வேலை. அதே குரலில், "நான் சொன்னா சொல்லுங்க, மீன் ஓடிடும்" என்றேன். அவர் குரல் கொடுத்தார். "யம்மா, கொஞ்சம் அப்பால போய்த் தடவுங்கம்மா. சார் தூண்டில் போடணுமாம்." மூவரில் ஒருத்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நாற்பது வயது இருக்கலாம். வாயில் பறி இருந்ததால் ஒன்றும் பேசவில்லை. மூவரும் குந்தின வாக்கிலேயே நகர்ந்து, தூரத்தில் இருந்த மின்கோபுரத்துக்கும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். படகுக்காரரையும் படகோடு தள்ளி நிற்கச் சொன்னேன். வீடியோவில் கைடு தள்ளித்தான் நிற்பார்.

முதல் அரை மணி நேரம் சொர்க்கம் என்றுதான் சொல்ல வேண்டும். கயிறு அழகாகப் போய் விழுந்தது. மீன் ஒன்றும் வரவில்லை, அது வேறு விஷயம். அப்போது அந்தப் பெண்கள் முதலில் இருந்த இடத்தையும் தாண்டி, வலது பக்கம் ஒரு பெரிய மீன் தண்ணீரைப் புரட்டியது. கொடுவாதான். நான் அதை நோக்கி நடந்தேன். ஆறேழு அடி நன்றாக இருந்தது. அடுத்த அடி வைத்தேன், கால் போய்க்கொண்டே இருந்தது. பதறி இன்னொரு காலை ஊன்றினேன், அதுவும் போயிற்று. பல வருஷமாக ஆற்றில் வந்து படிந்த நிலக்கரிச் சாம்பல் அந்த இடத்தில் களியாகக் கிடந்திருக்கிறது. முட்டி வரைக்கும் புதைந்துவிட்டேன். ஒரு காலை இழுத்தால் இன்னொரு கால் இன்னும் உள்ளே போகிறது. தண்ணீர் இடுப்பில் இருந்தது. கடல் ஏற்றம் வேறு ஆரம்பித்துவிட்டது என்று எனக்கு அப்போது தெரியாது.

படகுக்காரரைப் பார்த்துக் கையைத் தூக்கி ஆட்டினேன். அவர் குதித்து ஓடி வந்தார். என்னிடமிருந்து இருபதடி தூரத்தில் அவர் காலும் உள்ளே வாங்க, அப்படியே பின்வாங்கிப் போய்ப் படகை எடுத்தார். ஆழம் இல்லாத இடம், இன்ஜின் போட முடியாது. கழியை ஊன்றித் தள்ளித் தள்ளி வந்து சேர்வதற்குள் தண்ணீர் வயிற்றுக்கு வந்துவிட்டது. கழியை நீட்டினார். பிடித்தேன். இழுத்தார். படகுதான் என் பக்கம் வந்ததே தவிர நான் ஒரு அங்குலம் நகரவில்லை.

"அந்தச் சட்டைய அவுத்துட்டு மேல வா சார்" என்றார்.

எனக்கு அந்த நேரத்திலும் ஜட்டி ஞாபகம் வந்தது. இன்னொரு தடவை இழுத்துப் பார்க்கலாம் என்றேன். இழுத்தார். இன்னொரு தடவை என்றேன். இப்படியே நிமிஷங்கள் போயின, நானும் கொஞ்சம் கொஞ்சமாக இன்னும் உள்ளே இறங்கினேன். நம்புங்கள், சாகப்போகிற மனுஷன் இப்படியும் யோசிப்பான். கடைசியில் தண்ணீர் மார்பைத் தாண்டி ரப்பர் சட்டைக்குள் கொட்ட ஆரம்பித்ததும்தான் பயம் பிடித்தது. ஜில்லென்று உள்ளே இறங்கிக் கால் வரைக்கும் நிரம்பியது. தோளில் மாட்டியிருந்த பட்டையின் கொக்கி தண்ணீரில் இறுகிக் கிடந்தது, கழற்ற வரவில்லை. என் பெண் அப்போது பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் வந்தது. இவ்வளவுதான் என்று நினைத்தேன். வெட்கம் இல்லாமல் அழுதேன்.

அப்போதுதான் அவர்கள் வந்தார்கள். மின்கோபுரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து, நேராக வராமல், வளைந்து வளைந்து, கையால் தரையைத் தடவிக்கொண்டே வந்தார்கள். நேராக வந்திருந்தால் அவர்களும் மாட்டியிருப்பார்கள். பறியை எங்கேயோ விட்டுவிட்டு வந்திருந்தார்கள். இரண்டு பேர் என் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள். என்னைத் திரும்பிப் பார்த்தவள் என் எதிரே வந்து நின்றாள்.

"இழுக்காத. சும்மா இரு. இழுத்தா இன்னும் கவ்வும்."

மூச்சை இழுத்துக்கொண்டு உள்ளே போனாள். என் காலைச் சுற்றி அவள் விரல்கள் சேற்றைத் தோண்டுவது தெரிந்தது. மேலே வந்தாள், மூச்சு வாங்கினாள், மறுபடி போனாள். நாலைந்து தடவை இப்படி. பூட்ஸுக்கும் சேற்றுக்கும் நடுவில் தண்ணீர் புக வழி செய்தாளாம், பிறகு படகுக்காரர் சொன்னார். வலது கால் கொஞ்சம் இளகியது. மேலே வந்தவள், படகிலிருந்த கத்தியைக் கேட்டு வாங்கி என் தோளில் இருந்த பட்டையை அறுத்தாள். நான் சட்டையின் விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"மானத்த அப்பால பாத்துக்கலாம். வுடு சார்" என்றாள்.

விட்டேன். மூன்று பெண்களும் ஒரு ஆணும் சேர்ந்து, பிரசவம் பார்க்கிற மாதிரி என்னை அதிலிருந்து உருவி எடுத்துப் படகில் போட்டார்கள். கால்சட்டை, பூட்ஸ், தூண்டில் எல்லாம் அங்கேயே போயிற்று. மூவரில் ஒருத்தி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து என் மேல் எறிந்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு நன்றி சொல்லக்கூட வாய் வரவில்லை, பல் கிட்டிக்கொண்டிருந்தது. அவர்கள் வந்த வழியே வளைந்து வளைந்து திரும்பிப் போனார்கள்.

கரைக்கு வருகிற வழியில் நான்தான் கேட்டேன், அவர்களுக்கு மட்டும் எப்படி வழி தெரிகிறது என்று. படகுக்காரர் சொன்னார்.

"கைய வெச்சு வெச்சுப் பாக்குறவங்க சார். அவங்க குந்திகினு இருந்தாங்க பாரு, அதான் கெட்டித் தரை. அதுக்கு அந்தாண்ட களி. அவங்க கீறத வெச்சுத்தான் உன்ன அங்க எறக்கி வுட்டேன்."

இவர் ஏன் அதை முதலிலேயே சொல்லவில்லை என்று ஒரு நொடி கோபம்கூட வந்தது. சொல்ல வந்தவரின் வாயை அடைத்தது நான்தான் என்பது அடுத்த நொடி ஞாபகம் வந்தது. எது கெட்டித் தரை, எது களி என்று காட்டிக்கொண்டிருந்தவர்களை நானே விரட்டியிருக்கிறேன். தூரமாகப் போகச் சொன்னதும் நான்தான். அவர்கள் முதலில் இருந்த இடத்திலேயே இருந்திருந்தால் நான் அந்தப் பக்கம் கால் வைத்திருக்கவே மாட்டேன். வைத்திருந்தாலும் ஒரு நிமிஷத்தில் எட்டிப் பிடித்திருப்பார்கள்.

அடுத்த ஞாயிறு எண்ணூருக்குப் போனேன். மனைவியிடம் எங்கே போகிறேன் என்று சொல்லவில்லை. மற்ற இரண்டு பெண்களும் தண்ணீரில் இருந்தார்கள். என் காலைத் தோண்டி எடுத்தவள் மட்டும் கரையில் உட்கார்ந்து, அவர்கள் கொண்டுவந்து கொட்டிய இறாலை இடது கையால் பிரித்துக்கொண்டிருந்தாள். வலது உள்ளங்கையில் துணிக் கட்டு. என் பூட்ஸ் ஆணி கிழித்தது. புண் ஆறுகிற வரைக்கும் அந்தத் தண்ணீரில் கை வைக்கக் கூடாதாம். அவளாகச் சொல்லவில்லை, நான் இரண்டு தடவை கேட்ட பிறகு சொன்னாள். டாக்டரிடம் போகலாம் வாருங்கள் என்றேன். ஊசி போட்டாயிற்று என்றாள்.

உங்களைத் தள்ளிப் போகச் சொன்னது என் தப்பு, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தேன்.

"கோவம் வந்துச்சு" என்றாள் நேராகவே. "நல்லா எறா இருந்த எடம். நீ பாட்டுக்குப் போன்னுட்ட."

"அப்புறம் ஏன் வந்தீங்க?"

அவளுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை போல. இறாலைப் பிரிப்பதை நிறுத்தாமல், "கையத் தூக்குனியே சார். வந்தோம்" என்றாள்.

தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். நான் கையைத் தூக்கியது அவர்களைப் பார்த்து இல்லை, படகுக்காரரைப் பார்த்து. அவர்கள் அங்கே இருக்கிறார்கள் என்பதே அப்போது என் நினைப்பில் இல்லை. அதை அவளிடம் சொல்ல அன்றைக்கு எனக்குத் தைரியம் வரவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ தடவை எண்ணூர்ப் பக்கம் போயும் அந்தத் தைரியம் வரவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். நான் கூப்பிடாதவர்கள் வந்ததால்தான் இன்றைக்கு நான் இருக்கிறேன் என்கிற நினைப்பு, யாரையாவது விரட்ட வாயெடுக்கும்போதெல்லாம் என் தொண்டையில் வந்து நின்றுகொள்கிறது.